எட்டே முக்காலுக்குப் பார்த்த எழுத்து

ஜனவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கி மே மாதக் கடைசிவரை நான் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். வீடியோ எடுப்பதற்கு ஏற்ற மிரர்லெஸ் கேமரா, அதற்குப் பொருத்தமான ஒரு லென்ஸ். வேறு யாராவது இதை ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்திருப்பார்கள். நான் தனி நோட்டுப் போட்டேன். எந்தத் தேதியில் எதைப் பற்றிப் படித்தேன், எந்தக் கடையில் எதைக் கையில் பிடித்துப் பார்த்தேன், எதை ஏன் விலக்கினேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. படிக்கவே கூச்சமாக இருக்கிற நோட்டு.

சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பெறுபவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெட்டி அங்கேயே நின்றுவிடும். அந்தப் பார்வை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. குடும்பத்தில் யார் எந்தக் கிழமை பிறந்தார்கள், யார் வீட்டுக் கல்யாணத்தில் மழை பெய்தது என்பதையெல்லாம் பல வருடங்களாக எழுதி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். புத்தகங்களும் நிறையப் படிப்பேன். "தமிழா, பெரியம்மாவக் கேளுங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்படிச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு மேல் பிடித்திருந்தது.

என் கணவரின் தம்பி மனைவி, என் ஓரகத்தி, புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறாள். அவள் படித்த பள்ளியில் அப்போது தமிழ் வகுப்பு இல்லை. மலாய் படித்தாள். பேச்சுத் தமிழ் சரளமாக வரும், எழுத்து தெரியாது. மகள் தொடக்கப்பள்ளிக்குப் போன பிறகு அவளுடைய பாடப்புத்தகத்தைக் கூடவே உட்கார்ந்து படித்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அதன்பின் எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுத ஆரம்பித்தாள். 'அக்கா சாப்பிட்டிங்கலா', 'நாலைக்கு வருவிங்கலா'. மற்ற எல்லோருக்கும் ஆங்கிலம், எனக்குத் தமிழ். அது எனக்குச் செய்கிற மரியாதை என்று தெரியும். பதில் எழுதும்போது அவள் பிழையாக எழுதிய சொல்லையே சரியாக எழுதி அனுப்புவேன். கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் மகளுக்கு ஜூன் மாதத்தில் வளைகாப்பு என்று முடிவானதும், வீடியோ எடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆள் வைக்கலாம் என்றாள் ஓரகத்தி. "ஆள் எதுக்கு? நான் எடுக்கறேன்" என்றேன். "அக்கா எடுத்தா பர்ஃபெக்டா இருக்கும்" என்று உடனே ஒப்புக்கொண்டாள்.

நான் போய்ப் பார்த்த கடை, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய மாலின் மூன்றாம் தளத்தில் இருந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான்காவது முறை போனபோது சிரித்துவிட்டார்.

"அக்கா, நீங்க கேமரா பாக்கறீங்களா, இல்ல மாப்பிள்ள பாக்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாதுல்ல."

பொறுமையானவர். பெரிய சென்சார் உள்ள கேமரா இருட்டில் நன்றாக எடுக்கும், ஆனால் கனம், லென்ஸும் பெரிதாகிவிடும் என்றார். சிறிய சென்சார் போதும், வீட்டுக்குள்ளே விளக்கு இருக்கும்தானே என்றார். தொடர்ந்து வீடியோ ஓடினால் சில கேமராக்கள் சூடாகி நின்றுவிடும், கை நடுக்கத்தை உள்ளேயே சமாளிக்கிற கேமராதான் என்னைப்போல் ஸ்டாண்ட் இல்லாமல் நடந்து எடுப்பவர்களுக்குச் சரி என்றார். சில லென்ஸ்களில் ஃபோகஸ் மாறும்போது மோட்டார் சத்தம் மைக்கில் விழும் என்று ஒன்றை இயக்கிக் காட்டினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

லென்ஸில்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு சாதாரண ஸூம் லென்ஸ். அறை முழுவதையும் எடுக்கும், முகத்தையும் கிட்டே இழுக்கும். நான் விரும்பியது ஸூம் இல்லாத, வாய் அகன்ற லென்ஸ். அதில் பார்த்தபோது, கல்லாவில் நின்ற பெண்ணின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த பெட்டிகள், விலைச்சீட்டுகள், காலண்டர் எல்லாம் பால் கலந்ததுபோல் கரைந்துபோயின.

"இதுதான் வேணும்," என்றேன்.

"வீட்டு ஃபங்ஷனுக்கு வேணாங்க்கா. இவ்வளவு மங்கலாக்குனா சொந்தக்காரங்க பாதிப் பேரு மங்கலாயிடுவாங்க. அப்புறம் சண்ட வரும் லா."

நான் கேட்கவில்லை. வாங்கிய அன்றே திரையில் தெரியும் எண்களையும் குறிகளையும் மறைக்கச் சொன்னேன். பதிவு ஓடும்போது திரையைச் சுற்றி வரும் சிவப்புக் கட்டம், முன்னால் எரியும் சிறு விளக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பீப் ஒலி எதுவும் வேண்டாம் என்றேன். சிவப்பு விளக்கைப் பார்த்தால் ஆட்கள் விறைத்துக்கொள்வார்கள், எண்கள் கண்ணை இழுக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அவர் ஒவ்வொன்றாக அணைத்துக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் அணைச்சிட்டீங்க. மிஷினு பேசறதுக்கு ஒரு வாயாச்சும் விட்டு வைங்கக்கா."

விட்டு வைக்கவில்லை.

ஜூன் இரண்டாவது ஞாயிறு. காலை எட்டே முக்காலுக்கு நானும் என் கணவரும் ஓரகத்தி வீட்டுக்குள் நுழைந்தோம். விருந்தினர் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் பச்சைப் பட்டுத்துணி கட்டி, தங்க நிற அட்டையில் வெட்டிய எழுத்துகளை ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம். மூன்று நாளாக அவளே வெட்டியது என்றாள். கத்தரிக்கோலும் மீதி அட்டையும் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தன.

வலைகாப்பு.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. காபி கொண்டுவந்தவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "சரியா இருக்காக்கா?"

"அழகா இருக்கு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். விசேஷ நாளில் மனம் நோகவேண்டாம் என்று எண்ணியதாக அன்று மாலை நாட்குறிப்பில் எழுதினேன். அது பொய். அவள் மனம் நோகாமல் இருக்க வேண்டுமானால் ஒரே ஓர் எழுத்தை வெட்டினால் போதும், பத்து நிமிட வேலை. உண்மையில் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. பிழை எனக்கு மட்டும் தெரிகிற சந்தோஷம். கூடவே ஒரு பெருந்தன்மையும் வந்து சேர்ந்தது. என்னிடம்தான் அந்த லென்ஸ் இருக்கிறதே, பின்னணியைக் கரைத்துவிடலாம், படத்தில் அந்த எழுத்து தெரியவே தெரியாது என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றப் போவதாகவே நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்குப் பெண்ணை மனையில் உட்கார வைத்தார்கள். அதற்கு முன்பு சோதித்துப் பார்க்க ஒருமுறை பட்டனை அழுத்தினேன். நிறுத்த மறுபடி அழுத்தியதாக நினைவு. சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை. முதல் வேப்பிலைக் காப்பைப் போடும்போது பதிவைத் தொடங்குவதாக நினைத்து அழுத்தினேன். அது நின்றது. காப்பு போட்டு முடிந்ததும் நிறுத்துவதாக நினைத்து அழுத்தினேன். அது ஓடத் தொடங்கியது. அன்று முழுவதும் இப்படியே நடந்தது. சந்தனம் பூசியது, கண்ணாடி வளையல் அடுக்கியது, ஆரத்தி சுற்றியது எதுவும் பதிவாகவில்லை. கேமராவைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நான் நின்ற நேரங்கள் மட்டும் பதிவாயின.

மூன்று மணிவாக்கில், வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இன்னும் சிலர் வேலை முடிந்து வரவேண்டியிருந்தது. கையில் புளிசாதத் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் வீடியோவைப் போடச் சொன்னார்கள். எதையும் ஒருமுறை பார்க்காமல் கையைவிட்டுக் கொடுக்காதவள் நான். அன்று கொடுத்தேன். டிவியில் இணைக்கும் கேபிளைக்கூடப் பையில் கொண்டுபோயிருந்தேன். அவ்வளவு பெருமை.

ஓரகத்தியின் மருமகன் இணைத்தார். தரை தெரிந்தது. சேலை ஓரங்கள், ஒரு ஜோடி கால், மறுபடி தரை.

"பெரியம்மா, இது யாரு கால்? மெட்டிய வச்சுக் கண்டுபிடிக்கணுமா?" என்றாள் வளையல் குலுங்க உட்கார்ந்திருந்த பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மருமகன் அடுத்ததற்குத் தாவினார். அதிலும் தரைதான். ஆனால் குரல் இருந்தது. கேமராமேல் பொருத்தியிருந்த சிறிய மைக் அருமையானது. நான்கு மாதம் ஒப்பிட்டு வாங்கியது.

"சுவத்துல பாத்தீங்களா? வலைகாப்பாம். மீன் பிடிக்கவா போறாங்க?" அது என் குரல்.

"மெதுவா பேசும்மா. கேட்டுடப் போகுது," என்று என் கணவர். அவர் குரலிலும் சிரிப்பு.

"கேட்டா மட்டும் புரிஞ்சிடுமா அவளுக்கு?"

மருமகன் ரிமோட்டைத் தேடினார். அதற்குள் அடுத்த தரையும் வந்துவிட்டது. டிவிக்குப் பக்கத்திலேயே அந்த எழுத்துகள் இருந்தன. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பார்த்தார்கள்.

ஓரகத்தி சுவர் அருகே போய் நின்றாள். என் பக்கம் திரும்பாமல், "எந்த எழுத்துக்கா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ரெண்டாவது," என்றேன். "வேற ள."

நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். ஐகாரக் கொம்பை விட்டுவிட்டு, ல-வை மட்டும் நகத்தால் நெம்பிப் பிய்த்தாள். கொம்பு சரிதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிய்த்த அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சமையலறைக்குள் போனாள். "பாயசம் யாருக்கு இன்னும் வரல?" என்ற குரல் அங்கிருந்து கேட்டது. மாலையில் வந்தவர்கள் எழுத்து விழுந்த இடத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். விசேஷத்தின் படங்கள் மற்றவர்களின் கைப்பேசிகளில் இருந்தன. அந்த வகையில் எதுவும் தொலையவில்லை.

என் கணவர் மறுநாளே தம்பிக்குப் போன் செய்து வருத்தம் சொல்லிவிட்டார். நான் செய்யவில்லை. ஜூலை நடுவில் பெண் குழந்தை பிறந்தது. செய்தி ஆங்கிலத்தில் வந்தது. அப்போதுதான் கவனித்தேன். வளைகாப்புக்குப் பிறகு அவள் எனக்குத் தமிழில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை தனியாகப் போனேன். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடும்மா."

"விடுங்கக்கா. ஸ்பெல்லிங் ராங்தானே. நீங்க கரெக்டாதான் சொன்னீங்க." கை நிற்காமல் மடித்துக்கொண்டே இருந்தது. "எனக்கு அந்த ரெண்டு ல-வும் எப்பவும் கன்ஃப்யூஸ் ஆகும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் எனக்கு வழி விட்டிருந்தாள். ஆனால் பாதி மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவது ஏமாற்றாகத் தோன்றியது.

"அது மட்டும் இல்ல. காலையில வந்ததுமே நான் பாத்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

கை நின்றது.

"வந்ததுமேவா? ஃபங்ஷன் நடுவுலதான் பாத்தீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல. எட்டே முக்காலுக்கே பாத்துட்டேன்."

"நான் கேட்டேனேக்கா," என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஏதோ கணக்கு இடிப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "காபி கொடுத்துட்டுக் கேட்டேன். சரியா இருக்கான்னு. நீங்க அழகா இருக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அதுக்கப்புறம் யார்கிட்டயும் கேக்கல. நீங்களே சொல்லிட்டீங்கன்னு."

உள்ளே குழந்தை அழுதது. எழுந்து போனாள். எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பாடு போட்டாள், இரண்டாம் முறை சாதம் வேண்டுமா என்று கேட்டாள். எதிலும் குறை வைக்கவில்லை. லிஃப்ட் வரும்வரை கூடவே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நீண்ட செய்தியைத் தமிழில் எழுதினேன். நீ தப்பாகவே எழுது, எனக்கு அதுதான் வேண்டும் என்று அதில் ஓரிடத்தில் வந்தது. படித்துப் பார்த்தேன். அவள் தப்பாகத்தான் எழுதுவாள் என்று மறுபடியும் சொல்லியிருந்தேன். அழித்துவிட்டேன்.

வாரம் ஒருமுறை குழந்தையின் படம் அனுப்புகிறாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். சில வாரம் நான் தமிழில் பதில் எழுதினேன். பிறகு, ஒவ்வொரு ள-வும் அவள் கண்ணில் எப்படிப் படும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இப்போது நானும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன்.