ஆறு நாற்பதுக்கு ஓர் இருமல்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சுற்றுச்சூழல் அறிவியல், முதல் வகுப்பு. இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டுமாம், எனக்கு வராது. வேலை கிடைத்ததும் அம்மா போனில் கேட்டாள்: "தவளை கத்துதான்னு கேக்குறதுக்கா சம்பளம்? நம்ம கிணத்துக்குப் பின்னாடி வந்து ஓசியிலயே கேளேன்டா."

வேலை அதுதான். சதுப்பு நிலத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் அது பிடித்ததை மறுநாள் அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, எத்தனை வகைத் தவளை என்று எழுத வேண்டும். மூன்று வாரம் முடிந்ததும் என் அறிக்கையைப் பார்த்து, நிலத்தைக் காப்பதா மண்ணடித்து மூடுவதா என்று முடிவாகும். என் வேலையும் அதைப் பொறுத்துத்தான்.

கூட இருந்தவர்கள் கணினியை நம்பினார்கள். நான் காதை நம்பினேன். மூன்றாம் வாரம் காது ஒன்றைக் கண்டுபிடித்தது. தொண்டை கட்டிய ஒரு தவளை தினமும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறது. ஆறு நாற்பதுக்கு யாரோ ஒருவர் இருமுகிறார். நேற்றும், முந்தாநாளும், மழை கொட்டிய அன்றும் அதே இருமல்.

அன்று சாயங்காலமே போனேன். கரையில் காவலாளி உட்கார்ந்திருந்தார். எப்போது பார்த்தாலும் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைவதால் அவருக்குப் 'பேட்டரி' அண்ணன் என்றே பெயர். கோரைக்குள்ளிருந்து தவளைகள் கத்தின. ஆறு நாற்பது. இருமல் கேட்டது. அண்ணன் வாயே திறக்கவில்லை.

"யாருண்ணே அது?"

"நான்தான் தம்பி. நாலு வருஷத்துக்கு முந்தின நான்."

கோரையை விலக்கிக் காட்டினார். ஒலிபெருக்கி. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், குறைந்துபோன தவளைகளைக் கூப்பிடுவதற்காக, கத்தலைப் பதிவு செய்து, தினமும் அதே நேரத்துக்கு ஒலிக்கும்படி வைத்தது. ஒன்றும் வரவில்லை. இருந்ததும் போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

"அப்புறம் ஏண்ணே இன்னும் பேட்டரி மாத்துறீங்க?"

"நிறுத்திப் பாரு, தெரியும்."

நிறுத்தினேன். ஒரு பூச்சிகூட இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாங்கள் எப்போது பேசுவோம் என்று அது காத்திருப்பது போலிருந்தது.

"போதும்பா," என்றார் அண்ணன், என் கையைப் பிடித்துக்கொண்டு. "போட்டு விடு."

மறுநாள் மேலதிகாரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "தவளை எண்ணிக்கை சுழின்னு எழுதினா மண்ணடிக்க லாரி வந்துடும். உனக்கும் வேலை இருக்காது. படிச்ச பிள்ளை, யோசிச்சுக்கோ."

படித்த பிள்ளை என்பதால்தான் பொய்யெழுதக் கை வரவில்லை. சுழி போட்டுக் கையெழுத்திட்டேன்.

வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். இருட்டத் தொடங்கியிருந்தது.

"அம்மா, போனைக் கிணத்துக்குப் பின்னாடி கொண்டுபோய்ப் பிடியேன்."

"கழண்டு போச்சாடா உனக்கு?" செருப்புச் சத்தம் நடந்தது, நின்றது. "ம்... பிடிச்சிருக்கேன்."

காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கத்துதாம்மா?"

"இருடா... எப்பவும் கத்துமே."

வெகுநேரம் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. பிறகு, அந்த அமைதிக்குள், அம்மா இருமினாள்.