துரை வீட்டுப் பொந்து

எங்கள் ஊரில் அறுபத்தைந்து வயது எனோக், ஐம்பத்தாறு வயது ஆபெலோனியை "அப்பா" என்றுதான் கூப்பிடுவார். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எனோக்கின் அப்பா ஆபெல் இறந்த வாரத்தில் அவள் பிறந்தாள். இறந்தவர் பெயரை அவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்தாயிற்று, கிரீன்லாந்தில் அப்படித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் எனோக் பரிசோடு வந்து நிற்பார். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

செத்துப்போன ஆபெலுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. இவளுக்குப் பத்தும் இருக்கின்றன, ஆனால் குளிர் ஏறினால் அந்த இரண்டு விரல் மட்டும் வெளுத்து மரத்துப்போகும். ஆஸ்பத்திரியில் ரத்த ஓட்டம் சரியில்லை என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஊர்ப் பொதுக் குளியலறையும் துணி துவைக்கும் கூடமும் அவள் பொறுப்பு. இருபது வருஷமாக அதே வேலை. மீன் செதிலோடு சட்டையை மெஷினில் போட்டால் யாரென்று பார்க்க மாட்டாள், வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். பாதிரியாரும் வாங்கியிருக்கிறார், நானும் வாங்கியிருக்கிறேன். ஊரின் ஒரே கடையை நடத்துகிறவன் நான். எனக்கென்ன தனி மரியாதை.

துறைமுகத்துக்கு மேலே இருக்கும் கறுப்பு மரவீடு, துரை வீடு. டென்மார்க்கிலிருந்து வந்த வியாபாரத் துரைகள் நூறு வருஷத்துக்கு மேல் மாறி மாறி அதில் இருந்தார்கள். வடக்குச் சுவரில் ஒரு முழச் சதுரத்துக்குப் பலகைக் கதவு ஒன்று உண்டு. ஊரில் அதற்குப் பெயர் பொந்து. வேட்டைக்காரர்கள் வெளியே பனியில் நின்று நரித்தோலையும் சீல் என்னும் கடல்நாயின் கொழுப்பையும் அதன் வழியாக உள்ளே நீட்டுவார்கள். மாவும் சர்க்கரையும் அதன் வழியாகவே வெளியே வரும். வேட்டைக்காரன் எவனும் வாசற்படி ஏறியதில்லை. ஒரு பனிப்புயலில் ஆபெல் வந்து பொந்தைத் தட்டியபோது துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்துத்தான் திறந்தார். ஆபெலின் விரல்கள் போனது அன்றைக்குத்தான்.

ஆபெலோனியின் அம்மா அதே வீட்டின் சமையலறைத் தரையைப் பதினோரு வருஷம் மண்டியிட்டுத் தேய்த்தவள். அடுப்புக்கு முன்னால் பலகையில் இரண்டு முழங்காலுக்கும் இரண்டு குழி விழுந்திருக்கிறது. துரைகளின் படம் மாவட்டக் காட்சிச்சாலையில் வரிசையாகத் தொங்குகிறது. அம்மாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அந்தக் குழி மட்டும்தான்.

நிலத்தடிப் பனி இளகி வீடு ஒரு பக்கம் சரிய ஆரம்பித்ததும், விழுவதற்குள் எரித்துவிடலாம் என்று நகராட்சி முடிவு செய்தது. கேட்ட அன்றே ஆபெலோனி கடைக்கு வந்து, எனக்கு எழுத்து வேலை வராது, நீ எழுது என்று என்னை உட்கார வைத்தாள். எட்டு மாதம் கடிதமாக எழுதித் தள்ளினோம். கடைசியில் பழைய கட்டடங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளை இறங்கிவந்தது. முக்கால் பங்கு அவர்கள் தருவார்கள், கால் பங்கு ஊர் போடவேண்டும். அக்டோபரில் கடைசிக் கப்பல் போவதற்குள் இரண்டு லட்சம் குரோனர். ஊரில் இருப்பதே அறுபத்தெட்டுப் பேர்.

அறக்கட்டளையின் தச்சர் வந்து தட்டிப் பார்த்தார். பொந்து இருக்கும் சுவர் மக்கிப்போயிருந்தது. பொந்தை எடுத்துவிட்டுப் புதுப்பலகை அடித்து மூடலாம், அல்லது அதே காலத்து மரம் கிடைத்தால் பொந்தை அப்படியே வைத்துக் கட்டலாம் என்றார். அந்தக் காலத்து நல்ல மரம் சமையலறைத் தரையில் மட்டும்தான் மிச்சமிருந்தது. ஆபெலோனி யோசிக்கவே இல்லை. பொந்தை மூடுங்கள், தரையில் கை வைக்காதீர்கள் என்றாள்.

பணம் திரட்டுவதென்றால் எங்களுக்குத் தெரிந்தது ரேடியோ பிங்கோ. சனிக்கிழமைதோறும் நான் எண் வாசித்தேன், வீட்டுக்கு வீடு காசு கொடுத்து வாங்கிய அட்டையோடு உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு பீப்பாய் பெட்ரோல், பாதி கஸ்தூரி எருது, குழந்தையைத் தள்ளும் வண்டி என்று பரிசு வைத்தோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று சொல்லமாட்டேன், பாதிப் பணம் வந்தது. அதோடு நின்றுவிட்டது. இரண்டு பெரிய படகும் எனோக்குடையவை, ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஹாலிபட் மீன் பிடிக்கிறவர்கள். அவர் ஒரு அட்டைகூட வாங்கவில்லை. அது எரியட்டும், தீப்பெட்டி வேண்டுமானால் நான் தருகிறேன் என்று என் கடையில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார்.

நீதானே அவருக்கு அப்பா, நீ கேட்டால் மாட்டேன் என்பாரா என்றேன். ஆபெலோனி என்னைப் பார்த்த பார்வையில் செதில் சட்டையே தேவலை.

"செத்தவர் பேரை வச்சுப் பிச்சை எடுக்கச் சொல்றியா?"

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. அவள் பிறந்த நாள் செப்டம்பர் கடைசியில். காப்பி விருந்தை இந்த வருஷம் துரை வீட்டில் வை, ஊரே ஒரு தடவை உள்ளே வந்து பார்க்கட்டும் என்று சொன்னேன். சரி என்றாள். பரிசு கொடுக்க எனோக்கும் அந்த வீட்டுக்கே வந்தாகவேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. திருட்டு வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஊரே வந்தது. வாசலில் காலணிகள் குவிந்தன, நாலு வகை கேக், உலர்ந்த திமிங்கில இறைச்சி, அண்டா நிறையக் காப்பி. எனோக்கை மட்டும் காணவில்லை. சாயங்காலம் வடக்குக் காற்று எழுந்த நேரத்தில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. வாசல் பக்கமில்லை. பொந்துப் பக்கம்.

ஆபெலோனி போய்த் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். சீல் தோல் கையுறை ஒரு ஜோடியை ஒரு கை உள்ளே நீட்டியது.

"பிறந்த நாளுக்குப்பா."

"உள்ள வாடா எனோக்."

"நீங்க இங்கதான நின்னீங்க. நான் மட்டும் எப்படி உள்ள வர்றது?"

அவள் கையுறையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு, கோட்டும் போடாமல் வெளியே போனாள். பொந்து திறந்தே கிடந்ததால் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. காப்பியை யாரும் தொடவில்லை.

பிறகு எனோக்கின் குரல்.

"இதை மூடப் போறாங்களாம். நீங்கதான் மூடச் சொன்னீங்களாம்."

"ஆமா."

"அப்பா சொன்னதா, ஆபெலோனி சொன்னதா?"

என் தந்திரம் இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. பணத்தை அவள் கேட்கவுமில்லை, அவர் அதைப் பேசவுமில்லை. அவள் என்ன சொன்னாலும் அவர் நம்புவார், அது அவளுக்கும் தெரியும். பொந்து வழியாக அவள் கை தெரிந்தது. இரண்டு விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

"ஆபெலோனி சொன்னதுடா. ஆபெல் கிட்ட யாரும் கேக்கலை."

"இப்ப கேக்கறேன்."

"மூட வேண்டாம். பொந்து இருக்கட்டும். அதைச் சுத்தி வீடும் இருந்துட்டுப் போகட்டும்."

எனோக் தன் கையுறையைக் கழற்றி அவள் கையில் மாட்டினார். உள்ளே போங்கப்பா என்றார். அவளை முன்னால் விட்டு அவரும் படி ஏறினார். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று கோப்பை காப்பி குடித்தார், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை என் கடைக்கு வந்து, எவ்வளவு குறைகிறது என்று மட்டும் கேட்டார்.

தச்சர்கள் ஜூலையில் வந்தார்கள். பொந்துச் சுவருக்காகச் சமையலறைத் தரைப் பலகைகளைப் பெயர்க்கவேண்டிய நாள் காலையில் நான் ஆணிப்பெட்டியோடு போனபோது அவர்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஆபெலோனி ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் பிரஷுமாக, அடுப்புக்கு முன்னால் அந்த இரண்டு குழியில் தன் முழங்காலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக அப்படித்தானாம். நேரமாகிறது ஆபெலோனி என்றேன்.

"இரு, முடிச்சுக் குடுக்கறேன். அழுக்கோட குடுத்தா அம்மா திட்டும்."

தச்சர்கள் காத்திருந்தார்கள்.