படகுக்கு வைத்த பொட்டு

வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கால் முதலில் வாசல் பக்கம் திரும்பும். அது வார்னிஷ் என்பது பிறகுதான் புத்திக்கு எட்டும். புதுமனை புகுவிழாக்களில் உள்ளே போகாமல் வாசல் பந்தலையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, அடுத்தவர் வீடு கட்டினால் பொறுக்காத பொம்பளை என்று என்னைப் பற்றிச் சொந்தக்காரர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம், ஐம்பதுகளில் ஓர் ஐப்பசி மாதம் கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் எங்கள் வீட்டு நடு அறையில் வந்து குடியிருந்த ஒரு படகின் முகம்.

எங்கள் நைனா மரச்சாமான்களுக்கு மெருகு ஏற்றுகிறவர். வக்கீல் வீட்டு ஊஞ்சல், தாலுக்கா கச்சேரி மேசை, கல்யாணச் சீராகப் போகும் கட்டில் என்று ஊரில் பளபளத்தவற்றில் பாதி அவர் கைபட்டவை. தண்ணீருக்கும் அவருக்கும் அதிகப் பழக்கமில்லை. அவர் அறிந்த பெரிய நீர்நிலை எங்கள் தெருக் கிணறு. அதையும் மேலே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

அப்போது ஊருக்கு வெளியே ஆற்றை மறித்து அணை எழும்பி, முதல் வெள்ளம் தேங்கத் தொடங்கியிருந்தது. அதைச் சுற்றிப் பார்க்க, ஏதோ ஒரு துறைமுகத்தில் உழைத்துத் தேய்ந்த மோட்டார் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஓட்டுகிறவர் முகத்தில் காற்றும் தண்ணீரும் அறையாமலிருக்க அதன் முன்புறத்தில் இரண்டு கண்ணாடிகள் பதித்த தேக்குச் சட்டம் ஒன்று இருந்தது. வெயிலும் உப்பும் தின்றதில் அதன் பூச்சு, அம்மை இறங்கிய உடம்பு மாதிரி பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது. அணைப்பக்கம் எந்நேரமும் கல்தூசி பறந்ததால் அங்கே வார்னிஷ் அடித்தால் உப்புத்தாள் மாதிரிதான் காயும் என்று சொல்லி, நைனா அதைக் கழற்றி வண்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

நான் பயந்தது அதைக் கண்டு மட்டுமல்ல. அணை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். அணை நிற்க வேண்டுமானால் அடியில் ஒரு தலை வைக்க வேண்டும், அதற்காக ஜீப்பில் வந்து பிள்ளை பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்கு வாய்ப்பாட்டைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம். அணையில் கல் உடைக்கப் போய்வரும் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா அந்தப் பாடத்தில் எங்களுக்கு வாத்தியார். "கட்டுறப்பவும் ஆளு கேக்கும், தண்ணி ரொம்புறப்பவும் ஆளு கேக்கும்டி. மொதத் தண்ணியில எறங்குற மொத ஆளு திரும்ப மாட்டான்" என்று புகையிலையை ஒதுக்கிக்கொண்டே சொல்லுவாள், நாளைக்கு வெயில் அடிக்கும் என்பதுபோல.

இந்த நிலையில்தான் நைனா ஒருநாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம சட்டத்த மாட்டி வெள்ளோட்டம் வுடறாங்களாம். கண்ணாடி ஆடுதா பாக்கணும், நீயும் ஏறுன்னு இஞ்சினியர் சொல்லிட்டாரு" என்றார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. "உனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொன்னியா?" என்று கேட்டாள். "கண்ணாடிய புடிச்சிக்கிறதுக்கு நீச்சல் என்னாத்துக்கு?" என்றார் நைனா. மேற்கொண்டு இருவரும் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து நடு அறைக்கு நாங்கள் போகக்கூடாது. கண்ணாடிச் சில்லால் பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஜன்னல் இடுக்கில் துணி திணித்துக்கொண்டு நைனா உள்ளே தவம் செய்தார். "ஒரு ஈ உள்ள போனாலும் உன் தோல உரிச்சிப்புடுவன்" என்பது எனக்குத் தரப்பட்ட எச்சரிக்கை. ஈ செய்யும் குற்றத்துக்கு என் தோல் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்கிற வயதல்ல. கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். சுவரில் சாய்த்து வைத்த சட்டம் இரண்டு சதுரக் கண்களால் என்னைப் பார்க்கும். நாளுக்கு நாள் அது மினுமினுக்க, நைனாவின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது: அது அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஐப்பசி ஈரத்தில் கடைசிப் பூச்சு காயவேயில்லை. விரல் வைத்தால் ஒட்டியது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதவைத் திறந்த நைனா உள்ளே இருந்து ஒரு சத்தமும் போடவில்லை. அவர் கத்தாமலிருந்தால்தான் எங்களுக்கு உதறல் எடுக்கும். மெல்ல எட்டிப் பார்த்தேன். சட்டத்தின் கீழ்க்கட்டையில் வரிசையாக மூன்று இடத்தில் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ஈர வார்னிஷ் அதை அப்படியே விழுங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏமே, யாரு வேல இது?" என்றார், சளி பிடித்தவர் குரலில்.

தலைக்குக் குளித்த ஈரத்துண்டோடு அம்மா வந்து நின்றாள். "வெள்ளிக்கெழம வாசக்காலுக்கு மஞ்ச குங்குமம் வெக்காம என்னிக்காவது வுட்டிருக்கனா? அதுக்குப் பின்னாடிதான நீ நிக்கப் போற? அப்ப அதுதான் உனக்கு வாசக்காலு."

"அது மோட்டார் போட்டு, வூடு இல்லமே!"

"தெரியும். வூடா இருந்தா நான் ஏன் பயப்படறன்?"

நைனா அப்படியே குந்திவிட்டார். சுரண்டினால் மறுபடி பூசி இரண்டு நாள் காயவைக்க வேண்டும். தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது.

இன்ஜினியர் தொப்பியோடு குனிந்து உள்ளே வந்தார். அணைக்கு சிமென்ட்டைத் தவிர வேறு எந்தப் பலியும் வேண்டாம் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து பிரசங்கம் செய்தவர். குங்குமத்தைக் கண்டால் நைனாவை அந்த நிமிஷமே வேலையைவிட்டு விரட்டுவார். நான் அறிந்த எல்லாச் சாமிகளையும் கும்பிட்டுக்கொண்டு, அவர் விரட்டவேண்டும் என்று நின்றேன். விரட்டினால் நைனா படகில் ஏற வேண்டாம். வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் என்ன, ஆள் இருப்பார்.

இன்ஜினியர் கண்ணாடியைத் தட்டினார். கட்டையைத் தடவினார். கை கீழே வந்து நின்றது. "என்ன மேஸ்திரி இது?"

படகோட்டும் சராங்கு காதர் பாய், கடற்கரைப் பக்கத்திலிருந்து படகோடு கூடவே வந்தவர், இன்ஜினியரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "போட்டுல போறது நாம நாலு பேருங்க. நான் பிஸ்மில்லா சொல்லி ஏறிக்குவேன். நீங்க, ஓவர்சியரு, மேஸ்திரி, ஆளுக்கு ஒண்ணு. தங்கச்சி கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. காய்ந்துவிட்டதா என்று பார்க்க இன்ஜினியர் நடுப் பொட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். மேலே உதிரியாகக் கிடந்த குங்குமம் விரலில் ஒட்டியது. கால்சட்டையில் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று பார்த்தால், அந்த விரல், தானாகப் போவதுபோல, தொப்பிக்குக் கீழே நெற்றிக்குப் போய்த் திரும்பியது. "சரி, ஏத்துங்க" என்றார்.

அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கோ, காப்பாற்றுவார் என்று நம்பியிருந்த ஒரே மனிதரும் கைவிட்டதாகத்தான் பட்டது. சிமென்ட்டைப் பற்றிப் பேசியவருக்கே பயம் என்றால் முனியம்மாக்கா சொன்னது நிஜந்தானே?

சாயங்காலம் கரைமேல் நின்றோம். காப்பித்தூள் நிறத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். போன வருஷம் நாங்கள் புளியங்காய் அடித்த மரத்தின் உச்சிக்கொப்பு மட்டும் அதற்கு மேலே கை நீட்டிக்கொண்டிருந்தது. படகு கிளம்பியது. மினுமினுக்கும் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கும் நைனா சிறுத்துக்கொண்டே போனார். நடுத்தண்ணீரில் திடீரென்று இன்ஜின் சத்தம் நின்றது. முனியம்மாக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அம்மா என் பின்னலைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் மயிர் வேரோடு வரப் பார்த்தது, நான் கத்தவில்லை. கத்தினால் தண்ணீருக்கு நாங்கள் இருப்பது தெரிந்துவிடும்.

தண்ணீருக்கடியில் ஒரு மரம் குறுக்கே நின்றதால் காதர் பாய் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளி விலகினாராம். மறுபடி "டப டப" என்று சத்தம் எழும்பியபோது அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள், என் பின்னலை விடாமலேயே. அதனால் நானும் உட்கார்ந்தேன்.

கரையேறிய நைனா ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து முதலில் சொன்னது இது: "பாத்தியா, ஒரு தூசி ஒட்டல."

"உன் மூஞ்சியில ரத்தமும் ஒட்டல. நட வூட்டுக்கு" என்றாள் அம்மா.

நைனா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து, தண்ணீர் வாசனையே இல்லாத ஒரு கோடையில் தம் கட்டிலிலேயே கண்மூடினார். அந்தப் படகு சில காலம் ஷெட்டில் கண்ணாடி போய் நின்றது. பிறகு ஒருமுறை போனபோது, ஏலத்தில் விறகாகப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். பழைய தேக்கு நன்றாக எரிந்திருக்கும். பிள்ளைபிடிக்கிற ஜீப்பையும் இப்போது எந்தப் பிள்ளையும் நம்புவதில்லை. மூடநம்பிக்கைகளைக் கிண்டல் செய்து நானே இரண்டு பத்திரிகைகளில் எழுதியிருக்கிறேன், படித்தவர்கள் பாராட்டினார்கள்.

இப்போது சூளகிரியில் இருக்கிறோம். மகனுக்கு ஓசூர்க் கம்பெனியில் வேலை. இரண்டாம் ஷிப்டு முடிந்து, யானை இறங்கும் சானமாவுக் காட்டை ஒட்டிய சாலையில் ஸ்கூட்டரில் திரும்பி வருவான். வெள்ளிக்கிழமைதோறும் அதன் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் பொட்டு வைக்கிறேன். "ஒருத்தன்தானம்மா போறன், என்னாத்துக்கு ரெண்டு?" என்று அலுத்துக்கொண்டே அவன் கிளம்புவான்.

ஒன்று அவனுக்கு. இன்னொன்று எதிரே வருகிற யானைக்கு.