முதலில் பாதத்தைப் பார்ப்பவள்

டப்பில் முழங்கையை நனைத்து வெந்நீரின் சூட்டைப் பார்த்த பிறகுதான் நீரஜா மாமியைக் காலை வைக்க விட்டாள் லிண்டா. "சூடு மாமிக்கே தெரியாதா?" என்று பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து வந்திருந்த நான் கேட்டேன்.

"சுகர் இருந்தா காலுக்குத் தெரியாது மேடம். தோலு வெந்தப்புறம் கண்ணுக்குத்தான் தெரியும்."

லிண்டாவுக்கு ஊர் சாந்தோம். ஸ்கூட்டியில் வந்து வீடு வீடாக ஃபேஷியலும் பெடிக்யூரும் செய்கிறாள். யாரைச் சந்தித்தாலும் கண் முதலில் தரைக்குத்தான் போகும். "சர்ச்சுல முன்னாடி ஆன்ட்டி முட்டி போட்டாங்க, பாதம் பூரா வெடிப்பு. பூசை முடியறவரைக்கும் என் கண்ணு அங்கியேதான்" என்று சிரிப்பாள். கழுத்து மடிப்பு கறுத்திருந்தால், "தேய்க்காதீங்க, அழுக்கில்ல. சுகர் டெஸ்ட் எடுங்க" என்பாள். அப்படிச் சொல்லியே இரண்டு வாடிக்கையை இழந்திருக்கிறாள்.

அவள் அப்பா ஜேக்கப்புக்கும் சுகர்; புதுச் செருப்பு கடித்த கொப்புளத்தை ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று மாமியின் கணவர் கல்யாணராமன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பேப்பரை மடித்துவிட்டு உள்ளே போனார். வெள்ளை டைல்ஸில் அடிக்கு ஒரு புள்ளியாக ஈரம். லேசான சிவப்பு.

"சார், நில்லுங்க. காலைக் காட்டுங்க."

"நன்னாயிருக்கே! நீ என் காலைத் தொடறதாவது. வலிகிலி ஒண்ணும் இல்லை. காலம்பற பார்க்ல நாலு ரவுண்டு நடந்துட்டு வந்தேன்."

"வலி இல்லன்றதுதான் சார் பயமா கீது."

அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் தரையில் உட்கார்ந்து காலைத் தூக்கினாள். குதிகாலில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று பதிந்திருந்தது. டிராயிங் பின். சுற்றிலும் சதை வெளுத்து வீங்கியிருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீரஜா, எனக்குத் தெரியவே இல்லையே" என்றார்.

லிண்டா பின்னைப் பிடுங்கவில்லை. சுத்தமான துணியால் மூடி, காலை ஊன்ற விடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள். சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். சீழ் எலும்புவரை போகவில்லை. ஆறு வாரம் கட்டுப் போட்டதில் கால் தப்பியது.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. தினமும் குளித்ததும் கல்யாணராமன் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்க்கிறார். விரலிடுக்கில் ஈரம் துடைக்கிறார், குதிகாலுக்கு க்ரீம் தடவுகிறார். லிண்டா வந்தால் வீட்டுப்பாடம் போலக் காலை நீட்டுகிறார். "சூப்பர் சார், பாப்பா கால் மாதிரி கீது."

போன வாரம் வேலை முடிந்து அவளுடன் நானும் கீழே இறங்கினேன். வாட்ச்மேன் பவுல்சாமி கேட்டருகே தயங்கி நின்றார். பன்னிரண்டு மணி நேரம் ஷூவிலேயே நிற்பவர்.

"ஏம்மா, மாடி சார் காலை நீதான் பார்த்தியாமே? எனக்கும் ஒரு எடத்துல மரத்த மாதிரி கீது..."

லிண்டா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சிமென்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அவர் ஷூவையும் சாக்ஸையும் மெதுவாக உருவி, பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, போனில் டார்ச்சைப் போட்டாள்.