கொசு டாக்டர்

வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன்னே முழங்கையின் உள்பக்கத்தைப் பார்க்கிற ஆள் அந்த நாத்தனார். நரம்பு நன்றாகத் தெரிந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். குழாய் ரிப்பேர் பண்ண வந்தவர், கேஸ் கொண்டுவந்தவர், மாடி வீட்டு வாத்தியார் என்று ஒருவரையும் விட்டதில்லை. "ஒரே ஒரு ட்யூப்தாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார். அதனால் அண்ணன் தங்கைக்கு வைத்த பெயர் கொசு. தெருவில் அதுவே கொசு டாக்டர் ஆயிற்று.

தப்பித்தது அண்ணி மட்டும்தான். ஊசியைப் பார்த்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். அவள் பேசுவது குறைவு. பார்ப்பது அதிகம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு, ராத்திரி பகலாகப் படித்து ஆராய்ச்சிக்கூடம் போன நாத்தனாரிடம் என்ன பேசுவதென்று தெரியாது. ஆனால் அவர் தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்துக்கொண்டே இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வதையும் பார்த்திருக்கிறாள்.

தான் இந்த வேலைக்கு வந்த கதையை நாத்தனார் ஒருமுறை அவளிடம் சொன்னார். புதிதாக டாக்டரான காலத்தில் ஒரு பெண் வந்தாளாம். கை, கால், முதுகு எங்கும் நீலம் பாரித்த கன்றல்கள். கூட வந்த கணவனை வார்டே சேர்ந்து முறைத்தது. அவன் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டு நின்றான். ரத்தத்தைப் பரிசோதித்தால், கசிவை ஓடிப்போய் அடைக்கிற தட்டணுக்கள் அநேகமாக இல்லவே இல்லை. அவள் உடம்பே அவற்றைப் பகையென்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது.

"அடிச்சது புருஷன் இல்ல அண்ணி. அவளோட ரத்தமேதான்" என்றார் நாத்தனார். "ஒரு உடம்பு தன்னையே ஏன் அடிச்சுக்குது? அந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை வருஷமா நோண்டிக்கிட்டு இருக்கேன்."

அந்த ஆராய்ச்சியில் அண்ணனுக்கும் பங்கு உண்டு. நோயாளியின் ரத்தத்தை எதோடாவது ஒப்பிட வேண்டும் அல்லவா? ஒரு குறையும் இல்லாத ரத்தம் என்று ஆய்வகம் வைத்திருந்தது அண்ணனுடையதைத்தான். வாரம் ஒரு ட்யூப் கொடுப்பார்.

"நான்தான் நார்மல். ஆராய்ச்சியே சொல்லுது, நீ என்னடி சொல்றது?" என்று மனைவியிடம் மார்தட்டுவார்.

"குறட்டை விடறதுல எது நார்மல்னும் கேட்டுச் சொல்லுங்க" என்பாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

இப்படிச் சிரிக்கிற வீடுதான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அவர்களுக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, ஏதோ கிருமி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாத்தனார் அப்போது வேறு நகரத்தில் இருந்தார். "தங்கலை" என்று அண்ணன் போனில் ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அண்ணியின் மனம் நோகக்கூடாதென்று யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலேயே அவளும் தனக்குள் வைத்திருந்ததைச் சொல்லவில்லை. பிரசவத்துக்குச் சில நாள் முன்பு நாற்காலி மேல் ஏறி ஜன்னலுக்குத் திரை மாட்டியிருந்தாள். அதனால்தான் குழந்தை போயிற்று என்று அவளாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது மறுபடி ஐந்து மாதம். நாற்காலிப் பக்கமே அவள் போவதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் அலுத்துக்கொண்டார். "ஆரோக்கியமான கர்ப்பிணிங்க ரத்தம் வேணும். கேட்டா எல்லாரும் ஓடறாங்க."

அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வேணா..." என்றாள்.

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தார். "ஏய் கொசு, மனசு மாறறதுக்குள்ள எடுத்துடு!"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஆய்வகக் கட்டடத்தில், சுவரைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். முடிந்ததும் நாத்தனார் அவளை நுண்ணோக்கியில் பார்க்க வைத்தார். சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதாப் பொடி தூவியது போல இருந்தது.

"அந்தப் பொடிதான் தட்டணு. ஒரு சொட்டுல கோடிக்கு மேல இருக்கும். பத்து நாள்கூட ஆயுசு கிடையாது. ஆனா எங்க சின்னக் கீறல் விழுந்தாலும் முதல்ல போய் நிக்கறது இதுங்கதான்."

"என்கிட்டயா இவ்வளவு இருக்கு?" என்றாள் அண்ணி. கண்ணை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.

அந்தச் சோதனையின் முறை எளியது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் அண்ணனின் தட்டணுக்கள். அதன் மேல் மற்றவர் ரத்தத்தின் தெளிந்த நீர். பகை இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீர் போலவே இருக்கும். அண்ணியின் குழிகள் பளிச்சென்று மஞ்சளாயின.

நாத்தனார் மருந்தைத் திட்டினார். குளிர்பெட்டியைத் திட்டினார். தட்டு கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போட்டுவிட்டு மறுபடி செய்தார். மறுபடியும் மஞ்சள். அதையும் போட்டார். நார்மல் அண்ணனும் நார்மல் அண்ணியும் சேர்ந்தால் மஞ்சள் எப்படி வரும்? மூன்றாவது முறை அண்ணியின் ரத்தநீரை அண்ணியின் தட்டணுக்களோடு சேர்த்தார். தண்ணீர் மாதிரி நின்றது. தன்னுடையதோடு சேர்த்தார். மஞ்சள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? முதல் குழந்தைக்கு உடம்புல புள்ளி புள்ளியா இருந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"இருந்துச்சு. குண்டூசியால குத்தின மாதிரி. வயித்துல, தொடையில. நான் வேர்க்குருன்னு நெனச்சேன்." பிறகு, கேட்காமலே, "நாற்காலி மேல ஏறித் திரை மாட்டினேன். அதனாலதானே?" என்றாள்.

"திரையும் இல்ல, நாற்காலியும் இல்ல அண்ணி." நாத்தனார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எங்க எல்லார் தட்டணு மேலயும் ஒரு சின்ன அடையாளம் இருக்கு. உங்களுக்கு அது இல்ல. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேர்தான் அப்படி. குழந்தை அதை அண்ணன்கிட்டேருந்து வாங்கிக்கிச்சு. உங்க உடம்பு, யாருடா இதுன்னு பாத்து குழந்தையோட தட்டணுவை விரட்டிடுச்சு."

அண்ணி முழங்கையில் ஊசி போன இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ என் ரத்தம்தான் கொன்னுச்சா?"

நாத்தனாருக்கு இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. "ஆமா. ஆனா உங்களைக் கேட்டுக்கிட்டு அது செய்யல. இந்தக் குழந்தைக்கும் அது வரலாம். அப்படி வந்தா, காப்பாத்தக்கூடியதும் அதே ரத்தம்தான். எங்களை மாதிரி அடையாளம் உள்ளவங்க தட்டணு குழந்தைக்குள்ள நிக்காது. வாரா வாரம் அண்ணன்கிட்ட ரத்தம் எடுத்தேன். முதல் குழந்தையைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நான்."

மகப்பேறு டாக்டரம்மா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "பிரச்சினையே அம்மா ரத்தம். அதையே குழந்தைக்கு ஏத்தச் சொல்றீங்க?"

"ரத்தத்தை இல்ல மேடம், தட்டணுவை மட்டும். சண்டை போடறது அதைச் சுத்தியிருக்கிற நீர்தான். அதைக் கழுவி எடுத்துடலாம். ரத்த வங்கியில இருக்கறதெல்லாம் எங்க அண்ணன் மாதிரி நார்மல். ஏத்தற வேகத்துல அழிஞ்சுடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொந்தக்காரி சொல்றேன்னு நம்பாதீங்க. வேற ஆய்வகத்துல கொடுத்துப் பாருங்க."

கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் மஞ்சள்.

அதன்பின் வாராவாரம் அண்ணியின் கையில், அந்தப் பகையைத் தணிக்கிற ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஊசி பழகிப்போயிற்று. பயம் மட்டும் பழகவில்லை. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தால் சந்தோஷம். கொஞ்ச நேரம் உதைக்காவிட்டால், உள்ளே என் ரத்தம் என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று வயிற்றில் கை வைத்துக் காத்திருப்பாள்.

சிசேரியன் அறுவைக்கு முந்தின நாள் அவள் ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்தாள். ரத்தம் உள்ளே போய், தட்டணுக்களை மட்டும் விட்டுவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. மறுநாள் காலை நாத்தனார் கழுவிய தட்டணுப் பையை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தார். வெளிறிய அந்தத் திரவத்துக்குள், பட்டுத் துணியை வெயிலில் அசைத்தது போல, மினுமினுவென்று ஏதோ சுழன்றது.

"இதுவா நானு?"

"இதேதான் நீங்க. உயிர்ப்போட இருந்தாத்தான் இப்படி மினுங்கும். குளிர்ல வெச்சாலும் போச்சு, அசைக்காம விட்டாலும் போச்சு." சொல்லிக்கொண்டே பையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். தேநீர் டம்ளரின் ரகசியம் அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது.

பெண் குழந்தை. பிறந்ததும் நன்றாகவே அழுதாள். ஆனால் வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். அண்ணிக்கு அவை யாரும் காட்டாமலே தெரிந்தன. குழந்தையின் பக்கத்தில் அந்தப் பை தொங்கியது. அவள் படுத்தபடியே அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடமிருந்து பிரிந்து வந்த குழந்தைக்குள், தன்னிடமிருந்து பிரித்தெடுத்த ஒன்று போய்க்கொண்டிருந்தது. புதுப் புள்ளி எதுவும் வரவில்லை. மத்தியானத்துக்குள் தட்டணுக்கள் ஏறிவிட்டன என்றார்கள். தலையைப் படம் எடுத்துப் பார்த்து, ஒரு கசிவும் இல்லை என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு நாத்தனாரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நான் நார்மல்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது?"

"நார்மல்தான்டா அண்ணா. உன்னை மாதிரி ஆள் தெருவுக்குத் தெரு கிடைப்பாங்க. அண்ணியை மாதிரி கிடைக்க மாட்டாங்க."

மூன்றாம் நாள் வந்தது. விடிந்ததிலிருந்து அண்ணி குழந்தையைக் கீழே விடவில்லை. அந்த நாளும் நல்லபடியாகக் கழிந்தது.

நாலாம் நாள் நாத்தனார் வாசலில் வந்து நின்றார். அண்ணியின் முழங்கையைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். மேல்கோட்டுப் பையில் ட்யூபின் மூடி எட்டிப் பார்த்தது. இதே மாதிரி காரணம் தெரியாமல் குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இன்னும் எத்தனை பேரோ. அவர்களைக் கண்டுபிடிக்க, அந்தத் தட்டில் இனி அண்ணனின் குழிக்குப் பக்கத்தில் அண்ணியின் தட்டணுக்களோடு இன்னொரு குழி வேண்டும். பச்சை உடம்புக்காரியிடம் அதை எப்படிக் கேட்பது?

அண்ணி குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கைச் சட்டையை மேலே சுருட்டினாள்.

"என்ன கொசு, புதுசா கூச்சமெல்லாம்?"

அந்தப் பெயரால் அவள் நாத்தனாரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாத்தனார் சிரித்த சிரிப்பில் நரம்பைத் தேடக் கொஞ்சம் நேரமாயிற்று. அண்ணி இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. ட்யூபுக்குள் கருஞ்சிவப்பாக ஏறிவருவதை அது நிறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.