மருத மரத்தில் கட்டிய வண்டி

வண்டியை நிறுத்தியதும், கைப்பிரேக்கைக்கூட முழுசாக இழுக்காமல் சிலுவை இறங்கிவிடுவார். தோளில் நார்க்கயிறு. மரமோ கல்தூணோ கண்ணில் பட்டால் போதும், பம்பரில் ஒரு முனை, அதில் மறுமுனை. "கட்டாம விட்டா அலை கொண்டுட்டுப் போயிரும் டீச்சர்" என்பார். திருநெல்வேலிக்கு வருவதென்றால் அலை இரண்டு பஸ் மாறி வர வேண்டும். சொன்னால் கேட்கமாட்டார்.

சரக்குக் கப்பலில் சாரங்காக இருந்தவர்; மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஓய்வு பெற்று, திருச்செந்தூருக்குத் தெற்கே தன் கடற்கரை ஊருக்கு வந்ததும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி வீடாக்கிவிட்டார். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், மாதா படம். மீன்பிடி வள்ளத்தில் சொல்வதுபோல முன்பக்கம் அவருக்கு அணியம், பின்பக்கம் அமரம். மஞ்சள் நிறத்தை மட்டும் மாற்றவில்லை. காலையில் எந்தத் தெருவில் நின்றாலும் பிள்ளைகள் பையோடு ஏறிவிடுகின்றன. ஏரலில் ஒரு மூன்றாம் வகுப்பே ஏறி, வாய்ப்பாடு ஒப்பித்து, மதியச் சாப்பாடும் முடித்துத்தான் இறங்கியது என்று நான் சொல்வதுண்டு. சிலுவை இதுவரை மறுத்ததில்லை.

அவர் மனைவி மார்கரெட்டும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே விடுதியில் இருந்து படித்தவர்கள். பொழுது சாய்வதற்குள் மணி அடித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அல்வாக் கடையோ பொழுது சாய்ந்தால்தான் திறக்கும். வாட்ச்மேன் வாங்கிவரும் ஆறிப்போன பொட்டலத்தைத் தின்றபடி, "என்னைக்காவது கடை வாசல்ல நின்னு, எலையில சுடச்சுட வாங்கித் திங்கணும்" என்பாள் மார்கரெட். கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட சிலுவை, அடுத்த லீவில் கூட்டிப்போகிறேன் என்றார். அந்த அடுத்த லீவு போன மாசம்தான் வந்தது.

அவள் நிபந்தனையோடுதான் வேனில் ஏறினாள். பகலெல்லாம் சுற்றலாம், சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவாள். கோழி அடைக்க ஆளில்லையாம். திருநெல்வேலியிலேயே குடியிருக்கும் என்னை வழியில் ஏற்றிக்கொண்டபோது, அவள் காதில் விழாமல் சிலுவை சொன்னார்: "இன்னைக்கும் அவ தங்கலைன்னா வண்டிய வித்துருவேன். தனியாப் படுத்ததெல்லாம் கப்பல்லயே போதும் டீச்சர்."

நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் காதை ஒட்டிவைத்து நெடுநேரம் நின்றார். என்ன கேட்கிறது என்றேன். இன்ஜின் ரூம் என்றார். மத்தியானம் சைவக் கடையில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு. சட்டைப் பையிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுக்கப் போனவரை மார்கரெட் முழங்கையால் இடித்தாள். முதல் கவளத்துக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். புயல் ஓய்ந்த மறுநாள் கடல் மாதிரி இருக்கிறதாம். இரண்டாம் முறை சோறு கேட்டபோதும் கண்ணைத் திறக்கவில்லை.

வேனை ரத வீதியில், தேரைச் சுற்றியிருந்த கம்பி வேலியில் கட்டியிருந்தார். அங்கே இருந்த பூக்காரி, "அண்ணாச்சி, ஊரே கூடி இழுத்தாத்தான் எங்க தேர் நவுரும். நீங்க ஒத்தை வேன வச்சா இழுக்கப் போறீய?" என்றாள். சிலுவை வெட்கப்பட்டு, கட்டியதை மறந்து, வண்டியை எடுத்துவிட்டார். வேலி முனகியது. தேர் ஓரடி நகர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பூக்காரி இல்லை என்கிறாள்; அவள் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மார்கரெட் சிரிக்கவில்லை. "வண்டியக் கட்டக் கயிறு இருக்கு. கப்பலுக்கு ஓடுன ஆளக் கட்டிப்போட ஒரு கயிறும் எனக்கு ஆப்புடல" என்றாள், என்னைப் பார்த்து. சிலுவை இறங்கிப்போய் முடிச்சை அவிழ்த்தார்.

சாயங்காலம் அல்வாக் கடை வரிசையில் அவர்தான் நின்றார். முதல் இலை அவளுக்கு. சூடு தாங்காமல் இலையைக் கைக்குக் கை மாற்றினாள். நெய் மணிக்கட்டு வரைக்கும் ஒழுகியது. அதை நக்கப் போனவள் சட்டென்று நிறுத்தி, வார்டன் வருகிறாரா என்று தெருமுனையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வார்டன் செத்துப் பல வருஷமாகிறது. இருந்தாலும் பார்த்துக்கொள்வது நல்லது.

கையைத் துடைத்து வேனில் ஏறியதும் மார்கரெட் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னாள். போகிற வழியில் ஆற்றை மட்டும் பார்த்துவிடலாம் என்று சிலுவை குறுக்குத்துறைக்குத் திருப்பினார். படித்துறையில் துணி அலசிய ஈரம் காயவில்லை. ஆற்றுக்கு நடுவில் முருகன் கோயில் மங்கலாகத் தெரிந்தது. பஸ் பஞ்சராகிவிட்டது என்று சொல்ல வாயில் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

சிலுவை வழக்கம்போல இறங்கி, கயிற்றை மருத மரத்தில் சுற்றினார். வலது தோள் இப்போதெல்லாம் அவர் சொன்னபடி கேட்பதில்லை. முடிச்சு தளர்ந்து தொங்கியது. மறுபடி சுற்றினார். மறுபடியும் தளர்ந்தது. பையோடு இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த மார்கரெட், "இது வள்ளக்காரன் மவன் போடுத கட்டா?" என்றாள்.

பையை வேனுக்குள் கட்டிலில் போட்டாள். அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி முழுக்க அவிழ்த்தாள். பிறகு மரத்தை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, வேரில் காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கினாள்.