எட்டு நாள் நிறங்கள்

எங்கள் டிசைன் வகுப்பில் அவளை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லி, நெட்டை, லேசில் வளையமாட்டாள். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசிப் போஸ்டருக்கு யார் முதல் மார்க் வாங்குகிறார்களோ அவருக்கு டிசைன் கல்லூரியில் இலவச இடம், விடுதி உட்பட. அந்த இடத்தின் மேல் எனக்கும் கண், அவளுக்கும் கண். எனக்கு அது ஆசை. அவளுக்கு வீட்டைவிட்டுத் தப்பிக்க இருந்த ஒரே வழி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வீட்டில் இருக்கும் ஒன்று எட்டு நாளில் எப்படி நிறம் மாறுகிறது என்று வரைய வேண்டும். நான் வாழைப்பழம் வரைந்தேன். அவள் ஒரு பெண்ணின் கையை எட்டு முறை வரைந்திருந்தாள். அடிபட்ட கை. முதல் நாள் சிவப்பு, அடுத்து ஊதா, பிறகு கருநீலம், ஓரத்தில் பச்சை, எட்டாம் நாள் அழுக்கு மஞ்சள். பார்த்ததும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நேராக மிஸ்ஸிடம் போனேன்.

“மிஸ், இது நெட்ல சுட்டது. ரெஃபரன்ஸ் ஷீட்டே வைக்கல பாருங்க.”

எதைப் பார்த்து வரைந்தோமோ அதன் போட்டோக்களைத் தாளில் ஒட்டித் தரவேண்டும். இல்லையென்றால் மார்க் கிடையாது. எங்கள் வகுப்பின் விதி அது. மிஸ் அவளுக்குத் திங்கட்கிழமைவரை கெடு கொடுத்தார்.

“போட்டோ போன்ல இருக்குடி. ஆனா பிரிண்ட் போட முடியாது,” என்றாள் என்னிடம்.

“இருந்தா போட வேண்டியதுதானே? யாருக்குக் காது குத்துற?” என்றேன். பாவி நான்.

சனிக்கிழமை பிரிண்ட் போட்டாள். அன்று மாலையே அவள் அப்பன் பையைக் கிளறி எடுத்துவிட்டான். லாரி ஷெட்டில் மெக்கானிக். அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. தன் பெண்டாட்டியின் கை எதுவென்று அவனுக்குத் தெரியாதா? போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான். மகளின் முடியைப் பிடித்து முகத்தை பீரோவில் மோதினான். பல் ஒன்று தெறித்தது. போட்டோக்களைக் கிழித்து, ரத்தம் வழிந்த அந்த வாயிலேயே திணித்தான்.

“ஊருக்குக் காட்டணுமா உனக்கு? முழுங்குடி! முழுங்கு!”

பதினெட்டு வருஷம் அடி வாங்கியும் வாய் திறக்காத அவள் அம்மா, குக்கரைத் தூக்கி அவன் மண்டையில் ஒரே போடு போட்டார். அவன் சுருண்டு விழுந்தான். எழுந்து வருவதற்குள் இருவரும் வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அம்மாவும் மகளும் சேர்ந்தே வகுப்புக்கு வந்தார்கள். ஸ்கேலின் உதடு பிளந்து வீங்கியிருந்தது. நடந்ததை அவளேதான் திக்கித் திக்கிச் சொன்னாள். மிஸ் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஷீட் ஒண்ணும் வேணாம்மா. நான் மார்க் போட்டுடறேன்.”

“சலுகையெல்லாம் வேணாங்க,” என்று அவள் அம்மா கையை மூடியிருந்த துணியைத் தோள்வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே அத்தனை நிறமும் இருந்தது. “புதுசும் இருக்கு, பழசும் இருக்கு. எடுத்துக்கங்க. போலீசுக்கும் ஒரு செட் வேணும்.”

மிஸ் வகுப்புக் கேமராவை என்னிடம் நீட்டினார். ஆதாரம் கேட்டவள் நான்தானே. அவமானத்தில் அழுதுகொண்டே பட்டனை அழுத்தினேன். முதல் படம் கலங்கலாக விழுந்தது.

“அழாம எடும்மா,” என்றார் அவள் அம்மா. “நிறம் தெரியணும்.”